நான்கு நகங்களின் மேல் நிற்கும் குதிரை

கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிறுத்தியிருந்த குதிரைகளில் ஒன்று, பின்னங்கால் ஒன்றை லேசாக மடக்கி, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி நின்றுகொண்டிருந்தது. தலை தாழ்ந்திருந்தது. கீழுதடு தளர்ந்து தொங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா குதிரைக்காரரிடம், "அதுக்குக் காலு வலிக்குதா தம்பி? ஊனவே மாட்டேங்குதே" என்றார். அவர் சிரித்தார். "வலியெல்லாம் இல்லம்மா, தூங்குது."

அந்த அம்மா முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை. அதில் தவறும் இல்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி நாம் கண்ணயர்ந்தால் அடுத்த நொடி முழங்கால் மடங்கிவிடுகிறது. நிற்பது என்பது நமக்குத் தசைகள் விடாமல் செய்யும் வேலை. குதிரைக்கு அது பெரும்பாலும் நார்களும் எலும்புகளும் பார்த்துக்கொள்ளும் காரியம். ஏன் அப்படி என்று தேடிப் போனால் கடைசியில் குளம்பில் வந்து நிற்போம். அது தூங்கும் விதம், ஓடும் விதம், ஒரு கால் முறிந்தால் உயிரே போகும் அபாயம் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: குதிரை காலுக்கு ஒரே ஒரு விரலில், அந்த விரலின் நகத்தில் நிற்கிறது.

உங்கள் கையை மேஜைமேல் நிமிர்த்தி வையுங்கள். உள்ளங்கை மேஜையில் படக்கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மோதிர விரல், சுண்டுவிரல் நான்கையும் மடக்கிவிட்டு நடுவிரலின் நுனியை மட்டும் ஊன்றுங்கள். அதுதான் குதிரையின் முன்னங்கால். நாம் குதிரையின் முழங்கால் என்று நினைக்கும் மூட்டு உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே நேராக இறங்கும் நீண்ட எலும்பு நம் உள்ளங்கைக்குள் இருக்கும் நடு எலும்புக்குச் சமம். குளம்புக்குச் சற்று மேலே புடைப்பாகத் தெரியும் மூட்டு, விரல் தொடங்கும் முட்டி. முழங்கை மேலே, நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. பின்னங்காலிலும் இதே கதை. பின்பக்கமாக மடங்கும் 'முழங்கால்' என்று குழந்தைகள் காட்டுவது அதன் குதிகால். நிஜமான முழங்கால் வயிற்றோரம், தோல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மடக்கிய மற்ற விரல்களின் மிச்சமும் உள்ளே உண்டு. அந்த நீண்ட எலும்பின் இரு பக்கமும் பென்சில் போல ஒல்லியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு எலும்புகள்தான் அவை.

ஆதியில் இப்படி இல்லை. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன், காட்டுக்குள் இலை தின்று வாழ்ந்த குதிரையின் மூதாதை நாய் அளவுதான் இருந்தது. முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. காடுகள் குறைந்து புல்வெளிகள் விரிந்தபோது ஒளிய இடமில்லாமல் போனது, ஓடத்தான் வேண்டும். காலின் நுனி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு குறைந்த சக்தியில் அதை வீசலாம். கையில் வெறும் கம்பைச் சுழற்றுவதற்கும் நுனியில் கல் கட்டிய கம்பைச் சுழற்றுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அதனால் பக்க விரல்கள் தலைமுறை தலைமுறையாகச் சுருங்கின, சதை மேலே ஏறியது. இன்றைய குதிரைக்கு முன்காலின் 'முழங்காலுக்கு'க் கீழே தசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எலும்பு, தசைநாண், நார், தோல், அவ்வளவுதான். ஊர் எல்லையில் அய்யனாருக்கு மண்குதிரை செய்யும் குயவர்கள் அதன் காலைத் தூண் மாதிரிப் பருமனாக வைப்பார்கள். நிஜக் குதிரையின் கணுக்கால் அளவுக்கு மண்ணில் கால் செய்தால் உடம்பின் பாரம் தாங்காது. 450, 500 கிலோ உடம்பை அந்த ஒல்லிக் காலில் வைத்து ஓட்டுவது எவ்வளவு துணிச்சலான அமைப்பு என்பது அந்தத் தூண் கால்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, தூக்கத்துக்கு வருவோம்.

பின்னங்காலின் நிஜ முழங்காலில், தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு கொக்கி போன்ற மேடு இருக்கிறது. குதிரை ஓய்வெடுக்க நினைக்கும்போது முழங்கால் சிப்பியை அந்த மேட்டின்மேல் தூக்கி மாட்டிவிடுகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டது போல முழங்கால் பூட்டிக்கொள்கிறது. பின்னங்காலில் முழங்காலும் குதிகாலும் நார்களால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதால் ஒன்று மடங்காமல் மற்றது மடங்காது. ஒன்றைப் பூட்டினால் இரண்டும் பூட்டியாயிற்று. அதற்குக் கீழே, குளம்புக்கு மேலிருக்கும் விரல்முட்டி தரையை நோக்கிச் சரிந்துவிடாமல் வலுவான நார்கள் தொட்டில் போலத் தாங்குகின்றன. முன்னங்கால்களிலும் இதேபோல நார்களின் தாங்கல் உண்டு, அங்கே தாழ்ப்பாள் மட்டும் கிடையாது. பூட்டிய ஒரு பின்னங்காலும் இரண்டு முன்னங்கால்களும் பாரத்தைச் சுமக்க, மிச்சமிருக்கும் பின்னங்கால் நுனியை ஊன்றி இளைப்பாறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காலை மாற்றிக்கொள்ளும். ஏரிக்கரையில் அந்த அம்மா பார்த்தது இதைத்தான். ஆனால் முன்னங்கால் ஒன்றை இப்படி முன்னே நீட்டி, பாரம் கொடுக்காமல் ஒரு குதிரை நின்றால் அது ஓய்வாக இருக்காது. அந்தக் காலில் வலி இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

நின்றபடி தூங்குவது அரைத்தூக்கம்தான். கனவு காணும் ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும் என்பதால் அதற்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் அதன் மொத்தத் தூக்கம் சுமார் 3 மணி நேரம். அதில் ஆழ்ந்த தூக்கம் அரை மணியிலிருந்து ஒரு மணி வரை. படுக்க இடம் இல்லாத, அல்லது படுத்தால் ஆபத்து என்று அஞ்சும் குதிரை பல நாள் அந்தத் தூக்கம் கிடைக்காமல் தவித்து, நின்றபடியே முன்னங்கால் மடங்கிச் சரிந்துவிடும். மணிக்கட்டின் முன்பக்கம் அடிக்கடி சிராய்ப்போடு இருக்கும் குதிரையைப் பார்த்தால் அதற்குப் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இனி குளம்பு. வெளியே பார்த்தால் கட்டை மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது உயிருள்ள, மிக நுட்பமான ஒரு அமைப்பு. விரலின் கடைசி எலும்பு, குளம்பின் வடிவத்திலேயே சிறிதாக, குளம்புக்குள் இருக்கிறது. அது குளம்பின் அடித்தளத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. அந்த எலும்பு குளம்பின் சுவரிலிருந்து தொங்குகிறது. சுவரின் உள்பக்கம் 550 முதல் 600 வரை மெல்லிய மடிப்புகள், காளானின் அடிப்பக்கம் போல, மேலிருந்து கீழாக ஓடுகின்றன. எலும்பைப் போர்த்திய சதையிலும் அதே போன்ற மடிப்புகள். இரண்டும் விரல்களைக் கோத்துக்கொண்டது மாதிரிப் பின்னியிருக்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்மடிப்புகள் வேறு. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு குளம்புக்குக் கிட்டத்தட்ட 0.8 சதுர மீட்டர் பரப்பு வரும். குதிரையின் மொத்த எடையும் இந்தப் பிடியில்தான் தொங்குகிறது.

குளம்பைத் தூக்கி அடியைப் பார்த்தால் பின்பக்கம் ஆப்பு வடிவத்தில், ரப்பர் போல அழுத்தினால் அமுங்கும் ஒரு பகுதி தெரியும். அதற்கு மேலே, உள்ளே, கொழுப்பும் நாரும் கலந்த மெத்தை. கால் ஊன்றும்போது குளம்பின் பின்பகுதி கொஞ்சம் விரிகிறது, மெத்தை அமுங்கி அதிர்ச்சியை வாங்குகிறது, அங்கே தேங்கியிருக்கும் ரத்தம் மேல்நோக்கிப் பிதுங்குகிறது. கால் எடுத்ததும் புது ரத்தம் இறங்குகிறது. கீழ்க்காலில் ரத்தத்தை மேலே தள்ளத் தசை கிடையாது என்றேனே, அந்த வேலையைக் குளம்பே பார்த்துக்கொள்கிறது. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட குதிரையின் கால் வீங்குவதற்கு ஒரு காரணம் அது நடக்காததுதான். ஈரத்திலும் சாணத்திலும் நின்றால் அந்த ஆப்புப் பகுதியின் பள்ளங்களில் அழுகல் பிடித்துக்கொள்ளும். கறுப்பாகக் கசியும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். குளம்பைத் தினமும் குத்திச் சுத்தம் செய்து கொட்டிலைக் காய வைத்தாலே பெரும்பாலும் வராது.

கருவில் இருக்கும் குட்டியின் குளம்பு நுனியில் மஞ்சள் வெள்ளையாய், பிசுபிசுவென்று, வாழைப்பூவின் உள்மடல் கிழிந்து தொங்குவது போல ஒரு மென்மையான உறை இருக்கும். தாயின் கருப்பையைக் குளம்பு கிழித்துவிடாமல் காக்கத்தான் அது. பிறந்த குட்டி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றுவிடும். நாலு அடி நடந்ததும் அந்த உறை தேய்ந்து, கீழே இருக்கும் கெட்டிக் குளம்பு வெளிப்படும். புதிதாகப் பிறந்த குட்டியின் காலை முதன்முறை பார்ப்பவர்கள் ஏதோ நோய் என்று பயந்துவிடுகிறார்கள்.

குளம்பின் சுவர் மேலே, ரோமம் முடியும் விளிம்பிலிருந்து வளர்கிறது, மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை. முன்பக்கம் முழுசாகப் புதிதாக வளர்ந்து வர 9 முதல் 12 மாதம் ஆகும். அதனால் குதிரையின் கடந்த ஓராண்டுக் கதை குளம்பில் எழுதியிருக்கும். காய்ச்சல் வந்தது, தீனி மாறியது எல்லாம் வளையங்களாகத் தெரியும். திறந்தவெளியில் தினமும் பல கிலோமீட்டர் நடக்கும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்மானமும் சமமாகிவிடும். மனிதன் அதைத் தார்ச்சாலையிலும் கல் தரையிலும் வேலை வாங்கும்போது வளர்வதைவிடத் தேய்வது அதிகம். அங்கேதான் லாடம் வேண்டியிருக்கிறது.

லாடம் என்றால் நம்மில் பலருக்கு மாட்டு லாடம்தான் நினைவுக்கு வரும். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி அடிப்பார்கள். பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு அப்படி இல்லை. அது நின்றபடியே காலைக் கொடுக்கும். லாடம் அடிப்பவர் அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து, காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்வார். பழைய ஆணியின் மடிப்பை நிமிர்த்தி லாடத்தைக் கழற்றி, குறட்டால் வளர்ந்த ஓரத்தை நறுக்கி, அரத்தால் ராவிச் சமன் செய்வார். லாடத்தைக் காய்ச்சிப் பொருத்துகிறவர் என்றால் அது படும் இடத்தில் புகை குபுகுபுவென்று எழும், ரோமம் கருகும் வாடை வரும், குதிரை அசையாது. சுவரின் வெளிப்பகுதியில் நரம்பு இல்லை. நகம் வெட்டும்போது நமக்கு வலிக்காதது போலத்தான். ஆனால் கை தவற இடமே கிடையாது. சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியே இறங்கி, சாய்வாகச் சுவரைத் துளைத்துப் பக்கவாட்டில் வெளியே வர வேண்டும். கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிருள்ள சதை. ஆணி இறங்கும் சத்தத்தை வைத்தே சரியான பாதையில் போகிறதா என்று கண்டுபிடிப்பார்கள் கைதேர்ந்தவர்கள். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாக வேண்டும். லாடம் தேயாவிட்டாலும் அதன் அடியில் நகம் வளர்ந்துகொண்டேதானே இருக்கிறது.

நடைக்கு வருவோம். குதிரையின் நடை ஐந்து வகை என்று நம் பழைய நிகண்டுகள் ஐங்கதி பிரித்தன. இன்றைய சவாரிக்காரர்கள் சொல்வது நான்கு. சாதாரண நடையில் நான்கு குளம்பும் ஒவ்வொன்றாக விழும், எப்போதும் குறைந்தது இரண்டு தரையில் இருக்கும். ட்ராட்டில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழும். இரண்டே தட்டு, நடுவே ஒரு துள்ளல். கேண்டர் என்ற மிதமான ஓட்டத்தில் மூன்று தட்டு. அப்புறம் கேலப். தமிழில் நாலுகால் பாய்ச்சல் என்று அழகாகச் சொல்கிறோம். அதில் பின்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, ஒரு கணம் நான்குமே காற்றில் இருக்கும். பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போவது இந்தப் பாய்ச்சலில்தான்.

அந்த ஒரு கணத்தைப் பல நூற்றாண்டுகளாக எல்லோரும் தவறாகவே கற்பனை செய்தார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் ஓடும் குதிரையை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பறப்பதாக வரைந்தார்கள். 1878 ஜூனில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில், புகைப்படக்காரர் எட்வர்ட் மைப்ரிட்ஜ் ஓடுபாதை ஓரமாக வரிசையாகக் கேமராக்களை வைத்து, குதிரை கடக்கக் கடக்க ஒவ்வொன்றும் படம் பிடிக்கும்படி அமைத்தார். படங்கள் காட்டிய உண்மை வேறு. கால்கள் நீண்டிருக்கும்போது ஏதாவது ஒரு குளம்பாவது தரையில் இருக்கிறது. நான்கும் வயிற்றுக்கு அடியில் சுருண்டு கூடும்போதுதான் குதிரை காற்றில் மிதக்கிறது.

இந்தப் பாய்ச்சலின் சக்தி பெருமளவு தசைநாண்களின் வில் போன்ற இழுவையிலிருந்து வருகிறது. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு எலும்பால் இணையவில்லை, தசைத் தூளியில்தான் நெஞ்சுக்கூடு தொங்குகிறது. நிற்கும்போதே எடையில் 60 சதவீதம் முன்கால்களில். பாயும்போது ஒரு முன்கால் மட்டும் தரையில் இருக்கும் கணத்தில் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. குளம்புக்கு மேலிருக்கும் விரல்முட்டி தரையைத் தொடும் அளவு தாழ, பின்பக்கத் தசைநாண் ரப்பர் பட்டை போல நீண்டு, அடுத்த கணம் சுருங்கிக் காலை உந்துகிறது. இப்படி நீண்டு சுருங்குவதிலேயே அதன் உள்ளே வெப்பம் 45 டிகிரி வரை ஏறுகிறது. இந்தச் சிக்கனம்தான் குதிரையின் வேகம், இதுவேதான் அதன் பலவீனமும்.

பார்பரோ என்ற குதிரைக்கு நடந்ததை நினைத்தால் இது புரியும். 2006 மே 6 அன்று அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை அது. இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று பால்டிமோரில் நடந்த ப்ரீக்னஸ் பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்கால் 20க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் உலோகத் தகடும் 27 திருகாணிகளும் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். மயக்கம் தெளியும்போது உதைத்து மறுபடி முறித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு மிதவையில் வைத்து நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். எலும்பு கூடிவந்தது. ஆனால் முறிந்த காலைக் காப்பாற்றப் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட இடது பின்னங்காலில், குளம்புக்குள்ளே அந்த மடிப்புகளின் பிடி விட்டுப்போனது. லேமினைட்டிஸ் என்பது அதன் பெயர். ஒரே கால் இடைவிடாமல் பாரம் தாங்கினால் மடிப்புகளுக்கு ரத்தம் போவதில்லை, பின்னல் அவிழ்கிறது, எலும்பு சரிந்து குளம்பின் அடியை நோக்கி இறங்குகிறது. பிறகு முன்கால்களிலும் அது வந்தது. 2007 ஜனவரி 29 அன்று பார்பரோவை வலியில்லாமல் உறங்க வைத்தார்கள்.

கால் முறிந்த குதிரையை ஏன் கொல்கிறார்கள், மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அவ்வளவு பெரிய உடம்பை நாள்கணக்கில் படுக்க வைத்தால் நுரையீரலும் தசைகளும் தன் எடையாலேயே நசுங்கும். நிற்க வைத்தால் மூன்று காலில் நிற்க வேண்டும். அந்த மூன்றும் நகத்தில் தொங்கும் கால்கள். இது ஈவிரக்கமில்லாத செயல் என்று நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

லேமினைட்டிஸ் வர கால் முறிய வேண்டும் என்பதும் இல்லை. பழக்கமில்லாத குதிரை தானிய மூட்டையைப் பிரித்து வயிறு முட்டத் தின்றாலே போதும். மாவுச்சத்து குடலில் புளித்து, அதன் நஞ்சு ரத்தத்தில் ஏறி, ஒன்றிரண்டு நாளில் குளம்புகள் சூடேறும். வலியில் முன்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, சாய்ந்தாற்போல நிற்கும் குதிரையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பாண்டிய நாட்டுக் குதிரைகள் ஞாபகம் வருகின்றன. கடல் வழியே குதிரை இறங்கியதைப் பட்டினப்பாலையே சொல்கிறது. குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் கதை நமக்குத் தெரியும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்கோ போலோ, அரபுக் கரையிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை அரசன் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் முக்கியமானது: இங்கே லாடம் அடிப்பவர்கள் இல்லை, குதிரை விற்கும் வணிகர்கள் அவர்களை வரவிடுவதும் இல்லை, ஏனென்றால் குதிரை செத்தால்தான் அடுத்த ஆண்டும் விற்க முடியும். லாடம் அடிப்பவரே குதிரை வைத்தியராகவும் இருந்த காலம் அது. சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். ஈரத் தரை, கட்டுத்தறி, அதன்மேல் சோறு. வறண்ட மண்ணில் ஓடி வளர்ந்த குதிரைகள் இதில் குளம்பு நொந்து செத்திருக்கும் என்பது என் ஊகம். குளம்பைப் பற்றிப் படித்த பிறகு வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

கடற்கரையிலோ மலைவாசஸ்தலத்திலோ பிள்ளைகளைச் சவாரிக்கு ஏற்றும் முன், குதிரையைப் பத்தடி தூரம் வேகநடையில் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். முன்காலில் வலி இருந்தால் அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பிறகு குளம்பைப் பாருங்கள்: நுனி நீண்டு வளைந்திருக்கிறதா, மேலிருந்து கீழே வெடிப்பு ஓடுகிறதா, லாடம் ஆடுகிறதா, ஆணி மொட்டு தேய்ந்து போயிருக்கிறதா. குதிரைக்காரர் அனுமதித்தால் குளம்பின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நல்ல குளம்பு பெரும்பாலும் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். நிழலில் நின்ற குதிரையின் ஒரு குளம்பு மட்டும் சுடுகிறது என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. இதில் எது தெரிந்தாலும் பிள்ளையை இறக்கிவிட்டு, குதிரைக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், கால்நடை மருத்துவரிடம் இன்றைக்கே காட்டச் சொல்லி.